காத்மண்டுவை எழுதிய கைகள்

பசுபதிநாதர் திருக்கோயிலைத் தரிசிக்க நேபாளம் செல்லவிருந்த எமது பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். “ஐயா, காத்மண்டு நகரின் சரித்திரத்தையும் பண்பாட்டையும் ஓரளவு அறிந்துகொண்டு போக விரும்புகிறேன், படிக்கவேண்டிய நூல் ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார். வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. ஒரு நூலின் பெயரைக் கூறி அவரை அனுப்பியிருத்தல் கூடும். ஆனால், அந்நகரைப் பற்றிய நூல்கள் எவ்வாறு எழுந்தன என்பதைச் சிறிதேனும் அறிந்தவர் ஒரு நூலோடு நிறைவுறார். அன்று அவருக்குக் கூறிய விடையையே சற்று விரித்து இவ்வாரம் நேயர்கள்முன் வைக்கின்றோம்.

ஒரு நகரத்தைப் பற்றிய நூலைக் கையில் எடுப்பவர் அதன் பொருளை மட்டும் நோக்கினாற் போதாது. எழுதியவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், சொன்னவரின் மொழி எது என்னும் மூன்றையும் உடன்நோக்குதல் வேண்டும். காத்மண்டுவைப் பொறுத்தவரையில் இம்மூன்றும் பெரும்பாலும் வேறுவேறாகவே இருந்து வந்துள்ளன. நகரம் நேவார மக்களுடையது. அதனை ஆண்டவர்களின் மொழி வேறு. அதனை உலகுக்கு அறிவித்த நூல்களின் மொழியோ முற்றிலும் வேறு. இவ்வேறுபாட்டை உணராது படிப்பவர் நகரத்தின் மதிலைக் காண்பர், வீட்டினுள்ளே புகார்.

அந்நகரத்தார் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்திலர் என்று எண்ணற்க. வம்சாவளி என்னும் பெயரால் வழங்கும் அரசவரிசை நூல்கள் அங்கே பல. காத்மண்டுப் பள்ளத்தாக்கு ஆதியில் ஓர் ஏரியாக இருந்தது என்றும், மஞ்சுசிறீ என்னும் போதிசத்துவர் தம் வாளினால் மலையைப் பிளந்து நீரை வடியச் செய்தார் என்றும் சுயம்பு புராணம் கூறும். வாளின் செய்தி பத்தியின்பாற் பட்டது. ஏரியின் செய்தியோ நிலவியலாரும் உடன்படுவது. பண்டை ஊழியில் அவ்விடம் ஏரியாகக் கிடந்தமைக்கு அங்குள்ள வண்டற் படிவுகளே சான்றாகும். ஆயினும் காலக் கணக்கில் வம்சாவளிகள் பெரிதும் இடறுகின்றன. அம்சுவர்மன் என்னும் மன்னன் கலியாண்டு 3000இல், அதாவது கி.மு. 101இல், முடிசூடினான் என்பது ஒரு வம்சாவளியின் கூற்று. அவனுடைய சாசனங்களோ கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு உரியன. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுப் பிழை!

இத்தகைய பிழைகளைத் திருத்தியவை கற்கள். காத்மண்டுவுக்குக் கிழக்கேயுள்ள சாங்கு நாராயணர் கோயிலில் மானதேவ மன்னன் நாட்டிய தூணிலே கி.பி. 464ஆம் ஆண்டுச் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. பகவான்லால் இந்திரஜி என்னும் குசராத்திய அறிஞர் இதுபோன்ற இருபத்துமூன்று சாசனங்களைப் பூலர் என்னும் ஜேர்மானிய அறிஞரோடு சேர்ந்து 1880இல் வெளியிட்டார். 1956இல் இத்தாலியரான ஞோலி மேலும் பலவற்றைத் தொகுத்தார். 1973இல் நேபாள அறிஞரான தனவஜ்ர வஜ்ராசாரியர் லிச்சவி மன்னர் காலத்துச் சாசனங்களை நேபாளி மொழியில் விளக்கத்தோடு வெளியிட்டார். அத்தோடு முடிந்ததா எனின், இல்லை. 1992இல் மாலிகாவ்ன் என்னுமிடத்தில் வீடு கட்ட அத்திவாரம் தோண்டியபோது ஒரு கற்சிலை வெளிப்பட்டது. அதன் பீடத்திலுள்ள ஜயவர்மன் என்னும் மன்னனின் பெயரும் ஆண்டும் நகரத்தின் எழுத்துச் சான்றைக் கி.பி. 185க்குக் கொண்டு சென்றன. இறுதி வார்த்தையை எந்த நூலும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

இனிப் பிறநாட்டார் நூல்களைக் காண்போம். அவற்றின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் கூறுதல் தகும். கோர்க்கா மன்னர் பிருதிவி நாராயண சாஹர் 1768இல் காத்மண்டுவைக் கைப்பற்றுமுன், அதன் அயலிலுள்ள கீர்த்திபுரத்தை முற்றுகையிட்டார். அவ்வூர் வீழ்ந்தபின் அவ்வூராரின் மூக்குகள் அறுக்கப்பட்டன என்னும் கொடுஞ்செய்தியை, அக்காலத்தில் அப்பள்ளத்தாக்கில் இருந்த கப்புச்சின் சபைப் பாதிரியார் யோசேப்பு எழுதி வைத்தார். அது 1790இல் கல்கத்தாவில் வெளியாகிய ஆசிய ஆராய்ச்சித் தொகுதியில் அச்சேறிற்று. 1793இல் நேபாளம் சென்ற கேர்க்பாற்றிக் என்னும் ஆங்கிலத் தளபதியின் நூல் 1811இல் வந்தது. தம் பொதிகளை மலை கடந்து சுமந்துவந்த கூலியாட்களுள் மூக்கற்றவர் பலரைக் கண்டு, காரணம் வினவிக் கீர்த்திபுரத்தின் கதையைத் தாம் அறிந்ததாக அவர் எழுதுகின்றார். அயலார் இருவரின் குறிப்பிலே, பொதி சுமந்த ஏழைகளின் முகமே சாசனமாக நிற்கின்றது. வென்றவர் அவையில் எழுதப்படும் புகழ்மாலையில் இத்தகைய செய்தியை எதிர்பார்த்தல் இயலுமா? பிறநாட்டார் நூல்களை நாம் புறந்தள்ளலாகாமைக்கு இது தக்க காரணம்.

எனினும் அந்நூல்களின் உள்ளே புகுந்து பார்த்தால் வேறொன்று புலப்படும். 1877இல் கேம்பிரிட்ஜில் வெளியாகிய ‘நேபாள சரித்திரம்’ இன்றும் டானியல் றைற் என்பவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் காத்மண்டுவிலிருந்த பிரித்தானியப் பிரதிநிதியகத்தின் வைத்தியர். நூலுக்கு முன்னுரை எழுதிப் பதிப்பித்தவர். நூலின் உடலாகிய வம்சாவளியை மொழிபெயர்த்தவர்களோ முன்ஷி சிவசங்கர சிங், பண்டிதர் குணானந்தர் என்னும் இருவர். முகப்பேட்டில் அவர்கள் பெயர் உண்டு. ஆயினும் நூலைச் சுட்டுவோர் நாவில் இல்லை. அவருக்கு முன்னர் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்த ஹொட்சன், வடமொழிப் பௌத்த நூல்களைத் திரட்டிக் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார். அவற்றைக் கற்றே பூர்னூப் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞர் 1844இல் இந்திய பௌத்த சரித்திரத்துக்கு முன்னுரையாக அமைந்த தம் பெருநூலை இயற்றினார். ஹொட்சனுக்கு அந்நூல்கள் இவையென்று காட்டி, அவற்றின் பொருளையும் உரைத்தவர் லலிதபுரத்துப் பண்டிதரான அமிர்தானந்தர். ஐரோப்பாவின் பௌத்தக் கல்விக்கு வித்திட்டவர்களுள் இப்பண்டிதரை வைத்தல் மிகையாகாது. ஆனால், எத்தனை நூல்நிலையங்களில் அவர் பெயர் தாங்கிய ஏடு ஒன்றேனும் உளது?

இதனை நாம் குறையாகக் கூறுவது பழிதூற்றுவதற்கன்று. 1898இல் காத்மண்டு சென்ற சில்வேன் லெவி, 1905 முதல் 1908 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட ‘நேபாளம்’ என்னும் பிரெஞ்சு நூல், வம்சாவளியையும் சாசனத்தையும் சீனர், திபெத்தியர் குறிப்புகளையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்த அரிய முயற்சி. காத்மண்டு அரண்மனை நூல்நிலையத்தின் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த வங்க அறிஞர் ஹரப்பிரசாத சாத்திரியார், 1907இல் அங்கே கண்டெடுத்த சரியாபதங்களை 1916இல் பதிப்பித்தார். வங்க மொழியின் மிகப் பழைய பாடல்கள் வங்கத்திற் கிடைக்கவில்லை. இமயத்தின் மடியிலுள்ள காத்மண்டுவிலேதான் காக்கப்பட்டிருந்தன. பிறருடைய செல்வத்தையும் பேணி வைத்த நகரம் அது. அதன் சொந்தச் செல்வத்தை அறிந்து உரைக்கவல்லார் யார் என்பதே எம் வினா.

இவ்விடத்தில், சுவடி எழுதிய எளிய கைகளை நினைத்தல் வேண்டும். நேபாளத்துச் சுவடியெழுதுவோர், நூல் முடிந்தபின் ஈற்றிலே ஆண்டு, திங்கள், நாள், ஆளும் மன்னன், எழுதிய இடம் என்பவற்றைக் குறிப்பது வழக்கம். கி.பி. 879இல் தொடங்கும் நேபாள சம்வத்து என்னும் ஆண்டுக் கணக்கு அவற்றிற் காணப்படும். அறிஞர் பெதெக் 1958இல் நேபாளத்தின் இடைக்காலச் சரித்திரத்தை எழுதியபோது, மன்னர் வரிசையைப் பெரும்பாலும் இந்த ஈற்றுக் குறிப்புகளைக் கொண்டே நிறுவினார். தருமநூலையும் தோத்திரத்தையும் படியெடுத்தவன், தன் இறுதி இரண்டு வரிகளால் ஒரு தேசத்தின் சரித்திரத்துக்கு முதுகெலும்பு தந்தான். அவன் தன்னைச் சரித்திராசிரியன் என்று கருதியிருப்பானோ?

காத்மண்டு என்னும் பெயரே இதற்குச் சான்று. மரத்தாலாகிய மண்டபம் எனப் பொருள்படும் காஷ்டமண்டபமே நகரத்துக்குப் பெயர் கொடுத்தது. ஒரே மரத்தைக் கொண்டு கட்டியது என்பது ஊரார் வழக்கு. கி.பி. 1143இல் எழுதப்பட்ட சுவடி ஒன்றின் ஈற்றுக் குறிப்பு அம்மண்டபத்தைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. ஆதலின், அது பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம் என்று பலர் கருதி வந்தனர். 1974இல் மேரி ஸ்லசர் என்னும் அமெரிக்க அறிஞரும் கௌதமவஜ்ர வஜ்ராசாரியர் என்னும் நேவார அறிஞரும் இதனைப் பற்றிய ஆய்வை இருவர் பெயரும் ஒருங்கு விளங்க வெளியிட்டனர். றைற் காலத்திலிருந்து உலகம் சிறிது முன்னேறியிருந்தது என்க. 2015 ஏப்பிரல் 25இல் நேர்ந்த பூமியதிர்ச்சியில் மண்டபம் சரிந்து வீழ்ந்தது; உயிர்களும் மாண்டன. பின்னர் அத்திவாரத்தை அகழ்ந்தோர் அதன் தொடக்கம் ஏழாம் நூற்றாண்டுக்குச் செல்வதைக் கண்டனர். சுவடி சொன்னது பொய்யன்று. அது தன் காலத்தில் நின்றதைச் சொன்னது. மண் அதற்கு முந்தியதைச் சொல்லிற்று. மண்டபம் இப்பொழுது மீள எழுப்பப்பட்டுள்ளது.

அடுத்து, மூன்றாம் வினாவாகிய மொழிக்கு வருவோம். நேபாளத்து வம்சாவளிகளுள் மிகப் பழையது, பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஓலையில் எழுதப்பட்ட கோபாலராஜ வம்சாவளி. அதன் ஒரு பகுதி வடமொழி. மற்றொரு பகுதி பழைய நேவார மொழி. 1985இல் தனவஜ்ர வஜ்ராசாரியரும் கமல் பிரகாஷ் மல்லரும் சுவடியின் படத்தோடும் மொழிபெயர்ப்போடும் அதனைப் பதிப்பித்தனர். அம்மொழி அறியாதார்க்கு அந்நூலின் பாதி ஊமை. அத்தகைய மொழி, தன் சொந்த நகரத்திலே என்ன பாடுபட்டது என்பதை நேயர்கள் அறிதல் நன்று. 1846 முதல் 1951 வரை நடந்த ராணாக்கள் ஆட்சியில் அது படிப்படியாக ஒடுக்கப்பட்டது. 1906இல் நேவார மொழியில் எழுதிய ஆவணங்கள் சட்டத்திற் செல்லாதனவாயின. அம்மொழியில் எழுதுவதும் அச்சிடுவதும் தண்டனைக்குரிய செயல்களாயின. அந்நிலையிலும் 1909இல் நிஷ்டானந்த வஜ்ராசாரியர் அம்மொழி நூல் ஒன்றை முதன்முதலாக அச்செழுத்துக் கோத்து வெளியிட்டார்.

சித்ததர் ஹிருதயர் என்னும் கவிஞரைப் பற்றி இங்கே கூறாதிருத்தல் முறையாகாது. காத்மண்டு வணிகர் குடியிற் பிறந்த இவர், தாயைப் பற்றி இயற்றிய ஒரு கவிதைக்காக 1941இல் சிறையிடப்பட்டார். தாய் என்பதில் தாய்மொழியைக் கண்டு அரசு அஞ்சிற்று. 1945 வரை சிறையிலிருந்த காலத்தில், புத்தர் பெருமானின் வரலாற்றை ‘சுகத சௌரபம்’ என்னும் பெருங்காப்பியமாக நேவார மொழியில் மறைவாகப் பாடினார். உணவு கொண்டுவந்த தங்கை மோதிலட்சுமியின் துணையால், கிடைத்த காகிதத் துண்டுகளில் எழுதியவை வெளியே சென்றன. காப்பியம் 1949இல் அச்சேறிற்று.

காவியத்தின் களம் கபிலவாஸ்து. ஆயின், அங்கே நிற்கும் மாளிகையின் அமைப்பும், மணவீட்டுச் சடங்குகளும், பந்தியில் இடப்படும் உணவும், தெருவில் நிகழும் விழாவும் நேவாரருடையனவே. பழைய நூல்கள் புத்தர் பெருமானின் இல்வாழ்க்கையைச் சுருங்கச் சொன்ன இடங்களை எல்லாம், கவிஞர் தம் நகரத்து வாழ்க்கையைக் கொண்டு நிரப்பினார். தம் நகரத்தின் நடுவிலேயே அடைபட்டு, அதன் தெருக்களைக் காணவொண்ணாதிருந்த ஒருவர், அத்தெருக்களை நினைவினால் மீளக் கட்டினார். காத்மண்டுவின் பண்பாட்டைப் பற்றிய சிறந்த நூல் எதுவென்று எம்மை வற்புறுத்திக் கேட்டால், தலைப்பிலே அந்நகரின் பெயரையே தாங்காத இக்காப்பியத்தையே முதலிற் சுட்டுவோம். பிறர் அளந்தும் எண்ணியும் எழுதினர். இவர் இழந்து எழுதினார்.

இவ்வரலாற்றில் எம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1944இல், தேரவாத பிக்குகள் எண்மர் தம் போதனையைக் கைவிட இசையாமையால் நேபாளத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1946இல் இலங்கையிலிருந்து நாரத தேரர் ஒரு நல்லெண்ணக் குழுவோடு காத்மண்டு சென்று ஆட்சியாளரோடு பேசினார். பிக்குகள் தாயகம் மீண்டனர். அவர்களுடைய சங்கமாகிய தர்மோதய சபை, 1947 முதல் நேவார மொழியிலே ஒரு மாத இதழைக் கலிம்பொங்கிலிருந்து வெளியிட்டது. ஒரு மொழி வாழ்வதற்கு வேற்றுநாட்டார் ஒருவரின் நற்சொல்லும் சில வேளைகளில் துணையாகும்.

இன்றைய நிலை என்ன? 1987இல் காத்மண்டுவில் நிறுவப்பெற்ற ஆசா சுவடிநிலையம், நேவாரரே தம் சுவடிகளைத் தம் ஊரிலேயே பேணுவதற்கு அமைத்த இல்லம். ஜேர்மானியர் துணையோடு 1970 முதல் நடந்த பணியிலே ஓரிலட்சத்து எண்பதினாயிரம் அளவிலான சுவடிகள் நுண்படமாக்கப்பட்டன. 1997இல் காத்மண்டு மாநகரசபை நேவார மொழியையும் அலுவல் மொழியாகக் கொண்டது. 1999இல் உயர்நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2015ஆம் ஆண்டின் அரசியலமைப்போ நாட்டில் வழங்கும் தாய்மொழிகள் யாவும் தேசிய மொழிகளே என்று கூறுகின்றது. சட்டத்தின் கதவு திறந்திருத்தல் நன்று; ஆயினும் வீட்டில் அம்மொழியைப் பேசும் குழந்தை இல்லையேல், திறந்த கதவினால் யாது பயன்? சுவடியை நுண்படம் காக்கும். அதனைப் படிக்கும் நாவை மனிதர்தாம் காத்தல் வேண்டும்.

எம் மாணாக்கருக்கு நாம் கூறிய முடிபு இதுவே. நகரத்தின் கட்டடங்களையும் தெய்வங்களையும் விழாக்களையும் ஒழுங்குற அறிய, மேரி ஸ்லசர் 1982இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘நேபாள மண்டலம்’ என்னும் நூலை முதலிற் படிக்க. சரித்திரத்தை ஐயுற்று ஆராயும் முறையைக் கற்க லெவியிடம் செல்க. நகரத்தார் தம்மைப் பற்றி நம்பியது யாதென்று அறிய, றைற் பதிப்பித்த வம்சாவளியைப் படிக்க. படிக்கும்போது சிவசங்கர சிங், குணானந்தர் என்னும் இரு பெயர்களையும் நினைக்க. இறுதியாகச் சுகத சௌரபத்துக்கு வருக. 2010இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்குத் துணை செய்யும். மணிமேகலையைப் பெற்றெடுத்த மொழியினராகிய நாம், சிறையிலே பிறந்த மற்றொரு பௌத்த காப்பியத்தை அயலதென்று ஒதுக்குதல் அழகன்று. பின்னர் நகரத்துக்குச் சென்றால், வழிகாட்டி சொல்வதோடு அமையாது, விகாரை முற்றத்தில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் அவ்விடத்தின் பெயர் அவர் மொழியில் யாதென்று கேட்டறிக.

அவர் இவற்றை எல்லாம் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுந்து புறப்படும்போது, ஏட்டின் ஈற்றில் நாளையும் ஊரையும் குறிக்கும்படி கூறினோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை; குறித்துக்கொண்டார்.